உருகியும் உரிமையாளரும்: திருகோணமலைக் கரையோரத்தில் மோட்டார் வாகன மின்பழுதுகள்

மோட்டார் வாகனம் பற்றிய உரையாடல் எமது நாட்டில் எரிபொருளின் விலையில் தொடங்கி இறக்குமதித் தீர்வையில் முடிவதே வழக்கம். வாகனத்தினுள் ஓடும் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். புகை எழும்பும் நாள்வரை அது கண்ணிற்படாத பொருளாகவே இருந்துவிடுகின்றது. ஆயினும், இன்று நடுத்தர வருவாயுள்ள ஒரு குடும்பத்தைக் கடனில் வீழ்த்தவல்ல பழுதுகளுட் பல மின்னமைப்பிலேயே தோன்றுகின்றன. ஓடும் வாகனத்தைத் தீக்கிரையாக்கும் பழுதுகளுட் கணிசமானவையும் அங்கிருந்தே பிறக்கின்றன. பழுது எவ்வாறு தோன்றுகின்றது என்பதைப் பௌதிகவியலும் இரசாயனவியலும் விளக்கும். அதன் செலவும் ஆபத்தும் யார் தலையிற் போய் விழுகின்றன என்பதற்கு அவ்விரு துறைகளிலும் விடையில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பிரதேசத்தை, அதாவது பட்டினம், சீனக்குடா, கண்டி வீதியிலுள்ள கப்பல்துறை, குடாவின் மறுகரையிலுள்ள கிண்ணியா, மூதூர் ஆகியவற்றை, மனத்திற்கொண்டு இவ்விரு வினாக்களையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களிம்பு

கடற்காற்றில் உப்புண்டு என்பது யாவரும் அறிந்ததே. அவ்வுப்பு மின்கம்பியை என்ன செய்கின்றது என்பதே இங்கு நோக்கற்பாலது. வாகனத்தின் மின்கம்பிகள் செம்பினாலானவை. அவை இணையும் முனைகள் செம்பு, பித்தளை, ஈயம், வெள்ளீயம் எனப் பலவகை உலோகங்களாலானவை. ஈரமும் குளோரைட்டும் ஒருங்கே சேருமிடத்து இருவேறு உலோகங்களின் சந்திப்பு ஒரு சிறிய மின்கலமாகவே தொழிற்படத் தொடங்கும். அதன் விளைவாக ஓர் உலோகம் அரிக்கப்படும். செம்பின்மீது பச்சைநிறப் படலம் படரும். இதனையே நம்மவர் தொன்றுதொட்டுக் களிம்பு என்பர். செம்பும் களிம்பும் உடன்பிறந்தவை எனச் சைவசித்தாந்திகள் ஆணவமலத்துக்கு உவமை காட்டினர். உவமை உவமையாகவே இருக்கட்டும். மோட்டார் வாகனத்திற் களிம்பு பின்னர் வந்து சேர்வதே.

திருகோணமலையில் இது வந்துசேரும் வழிகள் பல. டிசெம்பர் தொட்டுப் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வீசுகின்றது. நிலாவெளி போன்ற இடங்களிற் கடலும் உப்பளமும் அருகருகே உள்ளன. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரிலே திறக்கப்படும்வரை, குடாவைச் சுற்றிச் செல்லும் வாகனங்கள் பாதையில் ஏற்றப்பட்டே நீர்வாயைக் கடந்தன. (பாதை என்பது இங்கு வீதியைக் குறிக்காது, வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவையையே குறிக்கும்.) பாதையில் ஏறி இறங்கிய ஒவ்வொரு தடவையும் வாகனத்தின் அடிப்பாகம் உப்புநீரைத் தொட்டது. மீன் ஏற்றும் சிறு லொறிகளின் நிலை இன்னும் மோசம். பனிக்கட்டி உருகி ஒழுகும் உப்புநீர் அடிச்சட்டத்தின்மீது நாள்தோறும் வடிந்துகொண்டிருக்கின்றது.

களிம்பின் தீங்கைச் சிறிய கணக்கொன்றால் விளங்கிக்கொள்ளலாம். 55 வாற்று வலுவுள்ள இரு முன்விளக்குகள் 12 உவோற்றிலே சுமார் 9 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அச்சுற்றிலுள்ள ஒரு முனையிற் களிம்பு படிந்து 0.2 ஓம் தடை ஏற்பட்டதென்க. மின்னோட்டம் ஏறக்குறைய 8 அம்பியராகக் குறையும், விளக்கு மங்கும். அதேவேளை அச்சிறு முனையிலே 12 வாற்றுக்கு மேற்பட்ட வெப்பம் பிறக்கும். வானொலி திருத்துவோர் ஈயம் பற்றவைக்கும் சிறிய சூட்டுக்கோலின் வலு 25 வாற்று. அதிற் பாதி வெப்பம் ஒரு பருப்பளவான இடத்தில், பிளாஸ்ரிக் உறைக்குள், இரவு முழுவதும் தேங்குகின்றது. உறை கருகி, உருகி, அடுத்த கம்பி வெளித்தெரியும்வரை ஓட்டுநருக்குத் தெரிவது விளக்கின் மங்கல் ஒன்றே. மின்னோட்டம் கூடாது குறைவதனால் உருகி எரிவதில்லை என்பது இங்குக் கவனிக்கப்படவேண்டும். உருகி இருக்கின்றதே எனக் கவலையற்றிருப்போர் இதனை அறிந்திருத்தல் நன்று.

உருகி

அடுத்த கட்டம் குறுஞ்சுற்று. வெளித்தெரிந்த கம்பி வாகனத்தின் உலோக உடலைத் தொட்டதும் மின்னோட்டம் விளக்கை அடையாமல் நேரே பற்றரிக்குத் திரும்பும். ஈய அமிலப் பற்றரியின் உட்தடை மிகச் சிறியது. ஓமின் நூறிலொரு பங்களவானது. ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டும் கொண்ட செப்புக்கம்பியின் தடை 0.017 ஓம். இரண்டையும் சேர்த்து 0.03 ஓம் எனக் கொண்டால் 400 அம்பியர் பாயும். அக்கம்பியிற் பிறக்கும் வெப்பம் 2,700 வாற்று. இரண்டு மின்னழுத்திகளின் வெப்பம் ஒரு மெல்லிய கம்பியில் இறங்கினால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு உவோற்று மனிதனைத் தாக்காது என்பது உண்மையே. அது கம்பியை எரிக்கும், கம்பி வாகனத்தை எரிக்கும்.

இதனைத் தடுக்கவே உருகி வைக்கப்பட்டது. கராஜுகளில் இதனைப் பியூஸ் என்பர். உருகியின் அளவு விளக்கையோ வானொலியையோ காப்பதற்காக நிருணயிக்கப்படுவதில்லை. கம்பியைக் காப்பதற்காகவே நிருணயிக்கப்படுகின்றது. 10 அம்பியரைத் தாங்கும் கம்பிக்கு 10 அம்பியர் உருகி. சங்கிலியிலே தெரிந்தே ஒரு கண்ணியை மெலிதாகச் செய்துவைத்து, அறுந்தால் அதுவே அறுக என விடும் ஏற்பாடு இது. ஒரு தேநீரின் விலைக்குள் அடங்கும் பொருள் அறுந்து, பல்லாயிரம் ரூபா பெறுமதியான பொருளைக் காக்கின்றது.

ஆனால், அறுந்த உருகியின் இடத்தில் நாம் காண்பது என்ன? ஒரு துண்டுச் செப்புக்கம்பி. சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். பத்தின் இடத்தில் முப்பது. இதனை அறியாமை எனக் கடிந்துகொள்ளும் கட்டுரைகள் பல உண்டு. அவ்வாறு கடிந்துகொள்வோர் வாடகை வானின் ஓட்டுநரது நாட்கணக்கைப் பார்த்தவரல்லர். உருகி மலிவானது, அது ஏன் அறுந்தது எனக் கண்டுபிடிப்பதே விலை கூடியது. உடற்பாகங்களுக்குள்ளும் தரைவிரிப்பின் கீழும் ஓடும் கம்பியைத் தேடிப் பிடிக்கத் திறமையுள்ள ஒருவருக்கு அரைநாள் தேவை, சிலவேளை இரண்டு நாள். அந்நாட்களில் வான் ஓடாது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் ஒப்பந்தம் வேறொருவர் கைக்குப் போகும். மாத முடிவிற் குத்தகைக் கம்பனியின் தவணை வந்து நிற்கும். வாகனப் பதிவுப் புத்தகத்திற் கம்பனியே முழு உரிமையாளராக இருக்க, ஓட்டுபவர் உரிமையாளர் எனப்படுவதே ஒருவகையில் உபசாரவழக்கு. இந்நிலையிற் செப்புக்கம்பியைச் செருகுபவர் ஆபத்தை அறியாதவரல்லர். இன்றைய செலவை நாளைய ஆபத்தாக மாற்றிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழி விடப்படவில்லை.

தட்டுப்பாட்டின் கைவினை

இப்பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கைத் தமிழரின் நினைவில் நீங்காதிருக்கும் மொறிஸ் மைனர் காரில் மொத்தம் இரண்டே உருகிகள் இருந்தன, ஒவ்வொன்றும் 35 அம்பியர். முன்விளக்குகளின் சுற்றுக்கும் எரிபற்றற் சுற்றுக்கும் உருகியே இல்லை. டைனமோ சுமார் 20 அம்பியரே தந்தது. மின்சாரம் அவ்வளவு குறைவாகப் பயன்பட்ட அவ்வண்டியில், ஒரு கொறடும் ஒரு சோதனை விளக்கும் இருந்தால் எப்பழுதையும் தெருவோரத்திலேயே கண்டறியலாம். 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது இவ்வண்டிகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டினர். 1990 இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரிகளும் அடங்கின. அங்கு ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைச் சிறிதளவு பெற்றோலில் இயக்கத் தொடங்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். எமது கைவினைஞரின் ஆற்றலுக்கு இவை சான்றுகள். அவ்வாற்றலை வியந்து பாராட்டுவதோடு நின்றுவிடுதல் ஒருவகை ஏமாற்று என்பது எமது கருத்து. இல்லாமையில் வளர்ந்த திறமை, இல்லாமையையே இயல்பெனக் கொள்ளவும் பழக்கிவிடுகின்றது. ஒரு பாகம் கிடையாதபோது அதனைத் தாண்டிக் கம்பியிடுதல் கெட்டித்தனமாகக் கருதப்பட்டது. பாகம் கிடைக்கும் காலத்திலும் அக்கெட்டித்தனம் கைவிடப்படவில்லை.

பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 இல் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயமாற்று விகிதம் சில வாரங்களில் 360 ரூபாவை அண்மித்தது. உதிரிப்பாகத்தின் விலை அவ்வாறே ஏறியது, சம்பளம் ஏறவில்லை. தனியார் கார்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீளத் தொடங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நாடு முழுவதும் பழைய வாகனங்களையே முதுமைப்படுத்தி ஓட்டியது. ஆனால் இம்முறை முதுமையடைந்தவை மொறிஸ் மைனர்கள் அல்ல.

இருநூறு உவோற்று

தீர்வைச் சலுகையாலும் எரிபொருட் சிக்கனத்தாலும் கவரப்பட்டு, 2010 களில் யப்பானிலிருந்து பெருந்தொகையான ஹைபிரிட் கார்கள் இலங்கைக்கு வந்தன. அவற்றுட் பெரும்பாலானவை அங்கு சில ஆண்டுகள் ஓடியபின் வந்தவை. ஆசிரியரும் தாதியரும் வங்கி ஊழியரும் தவணைமுறையில் அவற்றை வாங்கினர். இவற்றின் மின்னமைப்பு அடிப்படையிலேயே வேறானது. ரொயோட்டா பிறியஸ் காரின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் 7.2 உவோற்று வலுவுள்ள 28 கலத்தொகுதிகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன, மொத்தம் 201.6 உவோற்று. சிறிய அக்குவா காரில் 20 தொகுதிகள், 144 உவோற்று. இவ்வழுத்தத்தை மேலும் உயர்த்திய பின்னரே மோட்டர் இயக்கப்படுகின்றது.

தொடர் இணைப்பில் எல்லாத் தொகுதிகளிலும் ஒரே மின்னோட்டமே பாயும். ஆகவே, ஒன்று நலிந்தால் அது முதலில் வெறுமையடையும். பிற தொகுதிகள் தம் மின்னோட்டத்தை அதனூடாகத் தள்ள, அது மேலும் நலியும், சூடேறும். கணினி இவ்வேறுபாட்டை உணர்ந்து எச்சரிக்கை விளக்கை ஏற்றும். நலிவின் காரணம் பெரும்பாலும் வெப்பமே. இப்பற்றரி குளிர்விக்கப்படுவது பயணிகள் அமரும் அறையின் காற்றாலாகும். அக்காற்று செல்லும் சிறு வாய் பின்னிருக்கையின் அருகே இருக்கின்றது. அதன்மீது பாடசாலைப் பையையோ அரிசி மூட்டையையோ வைப்பவருக்கு, தாம் இலட்சக்கணக்கான ரூபாவை மூச்சுத்திணற வைக்கின்றோம் என்பது தெரியாது. தெரிவிக்கவேண்டிய கைந்நூல் யப்பானிய மொழியில் உள்ளது. இதற்குக் கரையோரத்தின் பங்களிப்பும் உண்டு. தொகுதிகளை இணைக்கும் செப்புத்தகடுகளிற் களிம்பேறினால், நல்ல தொகுதியும் நலிந்ததாகவே கணினிக்குத் தோன்றும். தகட்டைத் துப்புரவு செய்தால் தீரக்கூடிய பழுதுக்கு முழுப் பற்றரியையும் மாற்றுமாறு கூறப்படுவதுண்டு.

முழுப் பற்றரியை மாற்றப் பல இலட்சம் ரூபா வேண்டும். ஆகவே நலிந்த ஒரு தொகுதியை மட்டும் மாற்றும் வழக்கம் பரவியது. பழையனவற்றிடையே வலுக்கூடிய ஒன்றைப் புகுத்தினால் சமநிலை குலையும். சில மாதங்களில் அடுத்த நலிந்த தொகுதி விழும். உரிமையாளர் தவணைமுறையிற் காரை வாங்கியது போலத் தவணைமுறையிற் பற்றரியையும் வாங்கிக்கொண்டிருப்பார். அதனினும் கவலைக்குரியது கழற்றுபவரின் நிலை. இருநூறு உவோற்று நேரோட்டம் உயிர்கொல்ல வல்லது. பணிக்குமுன் காப்புச் செருகியை அகற்றி, கொள்ளளவிகளில் தேங்கிய மின்னேற்றம் வடியப் பத்து நிமிடம் காத்திருந்து, உயரழுத்தக் காப்புக் கையுறை அணிந்தே செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடவேண்டும் என்பது விதி. பன்னிரண்டு உவோற்றிலே வெறுங்கையாற் பழகி, காணொளி பார்த்துத் தொழில் கற்கும் இளைஞன் அக்கையுறையை எங்கு வாங்குவான்? வாங்கினால் அதன் விலையை எந்த வாடிக்கையாளர் கொடுப்பார்? ஹைபிரிட் கார்கள் வந்திறங்கிய வேகத்துக்கு அவற்றைப் பழுதுபார்க்கும் கல்வி ஈடுகொடுக்கவில்லை. இறக்குமதிக் கொள்கை வகுத்தோர் தீர்வை வருமானத்தைக் கணக்கிட்டனர். தொழிற்பயிற்சியைக் கணக்கிற் கொண்டதாகத் தோன்றவில்லை.

நிசான் லீவ் மின்கார்களின் கதையும் இத்தகையதே. அவற்றின் பற்றரிக்குத் தனியான குளிரூட்டல் இல்லாமையால், வெப்பமிகுந்த அரிசோனாவில் அதன் கொள்ளளவு விரைவாகக் குறைவது 2012 இலேயே முறையிடப்பட்டது. அதன் பின்னரே அவை எமது வெப்பநாட்டுக்கு வந்தன.

மீளழைப்பு யாருக்கு?

தயாரிப்பிலேயே பிழை இருப்பின் உற்பத்தி நிறுவனம் வாகனத்தை மீளழைத்து இலவசமாகத் திருத்தவேண்டும் என்பது செல்வந்த நாடுகளில் நுகர்வோர் போராடிப் பெற்ற உரிமை. 2018 செப்ரெம்பரில் ரொயோட்டா நிறுவனம் பிறியஸ், சி-எச்ஆர் வகைகளைச் சேர்ந்த பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களை மீளழைத்தது. கம்பித்தொகுதி ஒன்று மூடியொன்றோடு தூசியிடை உராய்ந்து காப்புறை தேய்ந்து, குறுஞ்சுற்றாகித் தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். மீளழைப்புக் கடிதம் பதிவு செய்யப்பட்ட உரிமையாளருக்குச் செல்லும். அவர் யப்பானிலே காரை ஏலத்தில் விட்டிருந்தால், கடிதம் ஒசாக்காவில் நின்றுவிடும். கார் உப்புவெளியில் ஓடிக்கொண்டிருக்கும். அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு தாமே தேடி அறிந்த உரிமையாளரிடம், இவ்வாகனத்தை நாம் இறக்குமதி செய்யவில்லை என உள்ளூர் முகவர் கூறினால், மறுத்துரைக்க அவர் கையில் ஆவணம் எதுவுமில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நிறுவப்பட்டுள்ளது. அச்சபை பயன்படுத்திய வாகனங்களின் மீளழைப்பைத் தன் பணியாகக் கைக்கொள்ளுமாயின் பயன் பெரிதாயிருக்கும்.

அவ்வுரிமை உள்ள நாடுகளிலும் நிறுவனங்கள் தாமாக முன்வருவதில்லை. ஜெனரல் மோட்டோர்ஸ் 2014 இல் மீளழைத்த கார்களின் சாவியாளி தானாகவே நழுவி, ஓட்டத்தில் எஞ்சினை நிறுத்திக் காற்றுப்பைகளையும் செயலிழக்கச் செய்தது. இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. திருத்தத்துக்கான பாகத்தின் விலை 57 சதம் என அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையிற் கூறப்பட்டது. பிழையை நிறுவனத்தின் பொறியியலாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

எமது பொருளுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்றுண்டு. 2023 செப்ரெம்பரில் ஹையுண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களை மீளழைத்து, திருத்தும்வரை அவற்றை வீட்டுக்கு வெளியே, கட்டடங்களுக்கு அப்பால் நிறுத்துமாறு அறிவித்தன. தடுப்புக் கட்டுப்பாட்டுத் தொகுதிக்குள் திரவம் கசிந்து குறுஞ்சுற்று ஏற்படலாம் என்பதே அபாயம். அதற்கு அவை அறிவித்த திருத்தம் உருகியை மாற்றுவது. கசியும் தொகுதி அப்படியே இருக்க, மின்னோட்டத்தை முன்னதாகவே தடுக்கும் உருகி வைக்கப்பட்டது. வேரைத் தொடாத திருத்தம் என நுகர்வோர் அமைப்புகள் குறைகூறின. கிண்ணியாவின் ஓட்டுநர் உருகியைப் பெரிதாக்குகின்றார். சியோலின் நிறுவனம் அதனை இறுக்குகின்றது. பின்னையது தீயைத் தடுக்கும், முன்னையது தீயை அழைக்கும், இவ்வேறுபாடு சிறிதன்று. ஆனால் பழுதின் மூலத்தைத் தேடும் செலவைத் தவிர்ப்பதே இரண்டிலும் நோக்கம். ஓட்டுநருக்கு வேறு வழியில்லை. நிறுவனத்துக்கு இருந்தது.

மின்வாகனங்கள் இனிப் பெருகும் என்பதில் ஐயமில்லை; 2025 இன் பின்னர் திருகோணமலை வீதிகளிலும் அவை தென்படுகின்றன. 2022 மார்ச்சில் வேலூரில் மின்னூட்டுவதற்கு நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நிகழ்ந்த இத்தகைய தீவிபத்துகளின் பின்னரே இந்திய அரசு பற்றரிகளுக்கான பாதுகாப்பு நியமங்களை இறுக்கியது. இலங்கையிலோ தனியார் கார் ஒன்று ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுமுன் புகைப் பரிசோதனைக்கு உட்படவேண்டும். அதன் கம்பிகளையும் உருகிகளையும் எவரும் பார்ப்பதில்லை. புகைக்குழாயே இல்லாத மின்காரில் அவ்வதிகாரி எதைப் பரிசோதிப்பார் என்பது சுவையான வினா.

இறுதியாக வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் பற்றிச் சில சொல்லவேண்டும். 2004 இன் ஆழிப்பேரலையின் பின்னரும், 2025 நவம்பரில் தித்வா சூறாவளி கொண்டுவந்த வெள்ளத்தின் பின்னரும் இவ்வினா எழுந்தது. நீரில் மூழ்கிய வாகனத்தின் சாவியைத் திருப்பிப் பார்த்தலே முதற் பெருங்கேடு. உலராத இணைப்புகள் அக்கணமே குறுஞ்சுற்றாகும். பற்றரியின் மறைமுனைக் கம்பியை முதலிற் கழற்றவேண்டும். ஹைபிரிட் வாகனமாயின் அதற்குமேல் எதனையும் தொடாது பயிற்சி பெற்றவரை அழைக்கவேண்டும். கடல்நீர் புகுந்திருப்பின் நன்னீரால் அலசி உலர்த்தாத இணைப்பு எதுவும் நிலைக்காது. உலர்ந்து ஓடுவதுபோலத் தோன்றும் வாகனம், களிம்பு வேலைசெய்யும் காலமாகிய ஆறு மாதத்தின் பின் தன் நோயைக் காட்டும். மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் உடையவருக்கு இழப்பீடு கிடையாது. ஆகையால் அத்தகைய வாகனங்கள் துடைத்து மினுக்கப்பட்டு விற்பனைக்கு வருதல் எதிர்பார்க்கத்தக்கதே. வாங்குவோர் ஆசனப்பட்டியை முழுநீளத்துக்கு இழுத்துச் சேற்றுக்கறை உண்டோ எனப் பார்க்கலாம். தரைவிரிப்பின் அடிப்புறத்தைத் தூக்கி முகரலாம். பின்னர் உருகிப் பெட்டியின் மூடியைத் திறக்கவேண்டும். எந்த இடத்தில் எத்தனை அம்பியர் என்பது மூடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். தகட்டுருகிகளில் 10 அம்பியருக்குச் சிவப்பு, 15 இற்கு நீலம், 20 இற்கு மஞ்சள், 30 இற்குப் பச்சை. சிவப்பு இருக்கவேண்டிய இடத்திற் பச்சை இருப்பின், விலை பேசுமுன் அது ஏன் என்று விற்பவரைக் கேட்கவேண்டும்.